மணலுக்கு எழுதிய கிரயம்

ராமேஸ்வரம் தீவில் இடம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “கடல் தெரியுமா?” என்றுதான். “அங்கே கட்ட விடுவார்களா?” என்று கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தத் தீவில் பத்திர எழுத்தராகவே காலம் தள்ளிய என் கண்ணில் பட்ட தகராறுகளில் பாதி, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வந்தவை. மறுபாதி, நிலம் யாருடையது என்பதை எந்தக் காகிதத்தை வைத்துச் சொல்வது என்ற குழப்பத்தில் பிறந்தவை. இரண்டும் ஒரே மனையில் வந்து சேர்வதும் உண்டு.

நான் தொழிலுக்கு வந்தது 1988-ல், பாம்பனில் சாலைப் பாலம் திறந்த வருஷம். அதற்கு முன் தீவுக்கு வர ரயிலை விட்டால் படகுதான். அப்போது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் உள்ள இடத்துக்குத்தான் விலை. கடற்கரை ஓரத்து மணலைச் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். உடைமரமும் பனையும் தவிர அங்கே எதுவும் நிற்காது. கருவாடு காய வைக்கவும், வலை உலர்த்தவும், படகை ஏற்றி வைக்கவும் மட்டும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்தில் முத்து கோத்தவர். கணினி வராத காலம். முத்திரைத்தாளில் ஒரு எழுத்து அடித்தாலும் கடைசிப் பக்கத்தில் ‘இன்ன வரியில் அடித்தல் ஒன்று’ என்று குறித்து, எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்தை வாங்கியாக வேண்டும். அவர் சொல்வார்: “தம்பி, பத்திரத்து முகப்பை யார் வேண்டுமானாலும் எழுதிடலாம். தபசிலை எழுதும்போதுதான் கை நடுங்கணும்.” தபசில் என்பது சொத்து விவரம். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு மால் என்கிற நான்கெல்லை எல்லாம் அதில்தான் வரும்.

தீவின் பழைய பத்திரங்களை எடுத்தால் அந்த நடுக்கம் ஏன் என்று புரியும். ‘வடக்கே கடல், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே இன்னார் தென்னந்தோப்பு, மேற்கே ஓடை, இதற்குட்பட்ட சுமார் 1 ஏக்கர்’ என்று எழுதியிருக்கும். விஸ்தீரணத்துக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் எல்லையே நிற்கும் என்பது நீதிமன்றங்களில் ஊறிய வழக்கம். உள்நாட்டில் அது சரி. வரப்பும் வாய்க்காலும் ராத்திரியோடு ராத்திரியாக நடக்காது. இங்கே எல்லையே கடல். ஒரு மழைக்காலத்தில் கரையை அரித்துக்கொண்டு வரும். இன்னோர் இடத்தில் மணலைக் கொட்டிவிட்டு விலகும். விலகிய இடத்தில் வேலிக்கல் நட்டு, “என் பத்திரத்தில் கடல் வரை என்றுதானே இருக்கிறது” என்பார் ஒருவர். கடல் விட்ட இடம் அரசு புறம்போக்கு என்று சொல்லும் வருவாய்த் துறை. பக்கத்துக்காரர் இரண்டு பேரையும் எதிர்த்து மனுப் போடுவார்.

இதன் உச்சம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலுக்கு முன் அங்கே ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், கடைத்தெரு எல்லாம் இருந்தன. தலைமன்னாருக்குக் கப்பல் போய் வந்தது. புயலுக்குப் பிறகு குடியிருக்க லாயக்கற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. ஆனால் பத்திரங்களைப் புயல் கொண்டுபோகவில்லை. அவை மதுரையிலும் காரைக்குடியிலும் பேரப்பிள்ளைகளின் பெட்டியில் கிடந்தன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டு 2017 ஜூலையில் திறந்ததும், அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வரத் தொடங்கின.

ஒரு குடும்பம் கொண்டுவந்த பத்திரம் 1940-களில் எழுதியது. மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருந்தார்கள். குறையே சொல்ல முடியாத பத்திரம்; சாட்சி, பதிவு எண், முத்திரை எல்லாம் தெளிவு. தெற்கு மாலில் ‘ரயில்வே லைன்’ என்றிருந்தது. நில அளவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்டவாளமே இல்லாத இடத்தில் ‘லைனுக்கு வடக்கே’ என்பதை எங்கிருந்து அளப்பது? புலப்படத்தை விரித்து, இடிந்து நிற்கும் ஒரு சுவரைப் பிடிமானமாக வைத்துச் சங்கிலி பிடித்தால், மனையில் பாதி தண்ணீருக்குள் விழுந்தது. மீதிப் பாதி மணல்மேடு. “அண்ணே, வாரிசு சான்றிதழ் வாங்கி எங்க பேருக்குப் பட்டா மாத்தலாமா?” என்று கேட்டார் மூத்த மகன். பட்டாவுக்கு மனுப் போட எவரும் தடுக்கவில்லை, ஆனால் நீங்கள் நினைத்து வந்த விடுதிக்கும் இந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் கோபத்துக்குக் காரணம், நிலம் சொந்தம் என்றாலே அதில் எதுவும் செய்யலாம் என்ற நினைப்பு. 1991 பிப்ரவரி 19-ல் மத்திய அரசு கொண்டுவந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அந்த நினைப்பை உடைத்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. பவளப்பாறை, அலையாத்தி இருக்கும் இடங்கள் முதல் வகை. அங்கே கை வைக்கவே கூடாது. நகராட்சிக்குள் ஏற்கெனவே கட்டடம் நெருங்கிய இடம் இரண்டாம் வகை. இருக்கும் சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். ஊர்ப்புறக் கரை மூன்றாம் வகை. அதில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. பிறகு 2011-லும் 2019-லும் அறிவிக்கை புதிதாக வந்தது. 2019-ல் ஜனநெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தார்கள். உடனே தரகர்கள், “ரூலு மாறிடுச்சு” என்று விலையை ஏற்றினார்கள். புதிய வரைபடம் ஒப்புதல் ஆனால்தான் புதிய விதி நடைமுறைக்கு வரும் என்பதை யாரும் சொல்லவில்லை.

தீவின் அமைப்பையும் பார்க்க வேண்டும். வடக்கே பாக் நீரிணை, எங்கள் ஊர்ப் பேச்சில் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்திலிருந்து 500, இந்தப் பக்கத்திலிருந்து 500 என்று அளந்தால் நடுவில் மிஞ்சுவது கொஞ்சம். முனையை நெருங்கும்போது அதுவும் கிடையாது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. இதையெல்லாம் ஒரே தாளில் வரைந்து பார்த்தவர் கிழக்கே இடம் தேட மாட்டார்.

வெளியூர்க்காரர்களை நான் அதிகம் ஏமாற்றத்தோடு அனுப்பியது விடுதி விஷயத்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் கடலைப் பார்த்த 5 செண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். “ஐயா, நாலு மாடி ரிசார்ட், கீழே ரெஸ்டாரண்ட்” என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார். மூன்றாம் வகைக் கரையில் 200 மீட்டருக்கு அப்பால் தங்கும் விடுதி கட்ட அனுமதி கேட்கவே மனை குறைந்தது 0.4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் இருக்க வேண்டும். எல்லாத் தளமும் சேர்ந்து மனைப் பரப்பில் 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உயரம் 9 மீட்டர், இரண்டு தளத்துக்கு மேல் இல்லை. இதைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. “பக்கத்துல கட்டியிருக்காங்களே ஐயா?” என்றார்.

அந்தக் கேள்விதான் தீவின் விதிமீறல் முழுவதற்கும் வேர். பக்கத்தில் கட்டியிருப்பது வீட்டுக்கு அனுமதி வாங்கிக் கட்டியது. வரைபடத்தில் படுக்கையறை மூன்று. நேரில் போனால் ஒவ்வொரு அறைக்கும் தனி வாசல், தனிக் கழிப்பறை, கதவில் எண். மாடிக்கு மேல் தகரக் கொட்டகை, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அதிலும் பாய் விரிப்பார்கள். நகராட்சி ஒரு பக்கம் வணிகக் கட்டடம் என்று சொத்து வரி போடும், மின்வாரியம் வணிக இணைப்பு கொடுக்கும். ஒவ்வொரு துறையும் தன் ரசீதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளில் நோட்டீஸ் வந்து கதவில் முத்திரை விழும்போது, உரிமையாளர் ரசீதுக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். வரி கட்டியதற்குச் சாட்சி அந்த ரசீது, கட்டடத்துக்கு அனுமதி இருந்ததற்கு அல்ல.

விதிமீறல் கட்டடத்தோடு நிற்பதில்லை, தண்ணீரையும் தொடும். இங்கே தண்ணீர் மணலுக்கு அடியில் மெல்லிய படலமாக நிற்பது. மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கையால் இறைத்துக் குடித்தவரை ஊற்று தாங்கியது. மூன்றாம் வகைக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்று விதி இருக்க, ராத்திரியில் ஆழ்துளை போட்டு மோட்டார் ஓட்டிய விடுதி ஒன்றை எனக்குத் தெரியும். அடுத்த கோடையில் பக்கத்து வீட்டுக் கிணறு உப்புக் கரித்தது. அந்த வீட்டம்மா என்னிடம் மனு எழுத வந்தார். விற்றுவிட்டுத் தங்கச்சிமடத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்தபோது, அந்த வீட்டை வாங்க வந்ததும் அதே விடுதிக்காரர்தான். கிரயம் எழுதிக் கொடுத்தது நான். காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்த விற்பனை அது.

இனி உரிமை. தீவில் சொத்துக்கு ஆதாரம் என்று மக்கள் கொண்டுவரும் காகிதங்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். தென்னந்தோப்பு ஒன்றை விற்க வந்தவர் ‘பட்டா’ என்று நீட்டியது 2-சி பட்டா. அரசு நிலத்தில் நிற்கும் மரங்களின் பலனை அனுபவிக்கக் கொடுப்பது அது. தேங்காய் அவருடையது, நிலம் அரசுடையது. இரண்டு தலைமுறையாகத் தேங்காய் பறித்ததில் நிலமும் தன்னுடையதென்று நம்பிவிட்டார். வேறொருவர் பி-மெமோ ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கித் தைத்து வைத்திருந்தார். 1905-ம் வருஷ ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி புறம்போக்கில் இருப்பவருக்குப் போடும் தண்டத் தீர்வை அது. “அறுபது வருஷமா வரி கட்டுறோம்ணே” என்றார். அவர் கட்டியது நிலம் தன்னுடையது அல்ல என்று ஒப்புக்கொண்ட வரி. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் சொன்னேன்.

1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை எல்லோரும் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வோம். பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்குப் பெயர் மாறியபோது, ஊரில் இருந்தவர் பெயர் ஏறியது, பிழைப்புக்குப் போனவர் பெயர் விழுந்தது. தனுஷ்கோடிப் புயலில் சிதறிய குடும்பங்களில் யார் வந்து நின்று ‘இது என்னுடையது’ என்று சொல்ல முடியும்? பத்திரம் ஒருவரிடம், பட்டா இன்னொருவரிடம், அனுபவம் மூன்றாமவரிடம் என்று மூன்று கூறாகப் போன சொத்துகள் இன்றைக்கும் உண்டு. அந்தப் பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டும். உரிமையே தகராறு என்றால் அவரும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுவார். பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லாத வருஷமில்லை. ஊர் கேட்டதாகத் தெரியவில்லை.

யாத்திரைத் தலம் என்பதால் எங்களுக்கு இன்னொரு வகை வழக்கும் உண்டு. வடநாட்டிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் தர்மத்துக்குக் கட்டிய சத்திரங்கள், மடங்கள். கட்டியவர் வாரிசு கல்கத்தாவிலோ பர்மாவிலோ இருக்க, சாவி உள்ளூர்க் காரியஸ்தரிடம். வீட்டு வரியை அவர் கட்டினார். நாளடைவில் வரிக் கேட்பு அவர் பெயருக்கே வந்தது. அவர் மகன் அதை வைத்து மின் இணைப்பு வாங்கினான். பேரன் அதை விற்க என்னிடம் வந்தான். மூலப்பத்திரம் கேட்டேன், இல்லை என்றான். கோயில், மடத்துச் சொத்தென்றால் அறநிலையச் சட்டம் 34-ம் பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாமல் விற்கவோ, 5 வருஷத்துக்கு மேல் குத்தகை விடவோ முடியாது. பொது அறக்கட்டளை என்றால் நீதிமன்றப் படியேற வேண்டும். நான் எழுத மறுத்தேன். பிறகு அது விடுதலைப் பத்திரமாக, தானசெட்டில்மெண்டாக, பவராக என்று வேறு வேறு வேஷத்தில் வேறு மேசைகளில் எழுதப்பட்டதை வில்லங்கச் சான்றில் பார்த்தேன்.

பவர் என்றதும் ஒன்று. மனைப்பிரிவு காலத்தில் நிலத்துக்காரரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கி, துண்டு துண்டாக விற்பதுதான் நடைமுறை. கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் செத்தது. ஆனால் செத்த பிறகும் கிரயங்கள் நடந்தன. அதனால்தான் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் உயிர்ச்சான்று வாங்கி வைக்கும் முறை வந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பதியத் தடை போட்டபோது எங்கள் தொழிலே ஸ்தம்பித்தது. மாதக்கணக்கில் மேசைக்கு ஆள் வரவில்லை. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை ஆன மனை என்று பதாகை கட்டி விற்றார்கள். மனைப்பிரிவு வரன்முறை ஆனதால் கடலோர விதி விலகிவிடாது என்று எந்தப் பதாகையிலும் இல்லை.

ஒரு துறை கொடுத்த காகிதம் இன்னொரு துறையைக் கட்டுப்படுத்தாது என்பதற்குக் கொச்சிக்குப் பக்கத்து மரடு போதும். பத்திரம், வரி, உள்ளாட்சி அனுமதி எல்லாம் இருந்த நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளைக் கடலோர விதியை மீறியதற்காக உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த வாரம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே மாதம்தான். பிறகு பழைய கேள்விக்கே திரும்பிவிட்டார்கள்: கடல் தெரியுமா?

இந்தக் கணக்கில் அடிபடுவது மீனவக் குடும்பங்கள். கரையில் குடிசை போட்டு மூன்று தலைமுறை ஆனவர்களிடம் கைப்பிடிக் காகிதம் இல்லை. அவர்கள் இருந்த காலத்தில் அங்கே நிலமே விலைப்பொருள் இல்லை. எதற்குப் பட்டா கேட்பார்கள்? 2011 அறிவிக்கையில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தார் 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்டிக்கொள்ள வழி வைத்தார்கள். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க நில ஆவணம் வேண்டும். ஓலைக்குடாப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: “எங்க குடிசைக்கு ஓட்டுக்கூரை போட்டா தாசில்தார் ஆளு வருது. அந்தப் பக்கம் மாடி ஏறுது, ஆளே வரலையே தம்பி?” அந்தப் பக்கத்து மாடிக்குப் பட்டா இருக்கிறது, அனுமதி இல்லை. இந்தப் பக்கத்துக் குடிசைக்கு உரிமைக்கு வழி இருக்கிறது, பட்டா இல்லை. சட்டப்படி மாடியும் தவறு. நடைமுறையில் காகிதம் இல்லாதவரைத்தான் முதலில் தட்டுகிறார்கள், அது சுலபம் என்பதால்.

இப்போது எல்லாம் கணினி. வில்லங்கம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் இணையத்தில் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான். தீவின் சிக்கல்கள் பெரும்பாலும் 1964-க்கு முந்தியவை. ‘வில்லங்கம் சுத்தம்’ என்று வருகிறவரிடம், அதற்கு முன்னால் கையால் எழுதிய புத்தகத்தில் தேடச் சொல்வேன். பதிவு அலுவலகம் உரிமையைச் சோதிக்கும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிய மறுக்கும் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-வின் முதல் உட்பிரிவை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவாளரின் வேலை அல்ல என்பது அதன் சாரம். அப்படியானால் அது வாங்குகிறவர் வேலை.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ‘ஏ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார். தரிசா, புறம்போக்கா, நத்தமா, தேவஸ்தானமா என்று தெரியும். அடுத்து புலப்படத்தை வைத்துக் கல் இருக்கிறதா என்று இடத்தில் நின்று பார். மூன்றாவது, கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்த சர்வே எண் எந்த வகையில் விழுகிறது என்று கேள். உயர் அலைக் கோட்டைக் குறிக்க அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போல அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், தரகர் காலால் அளந்து காட்டுவது செல்லாது. இவ்வளவும் ஆன பிறகு பத்திரத்தைப் பார்க்கலாம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்; பத்திரம் அழகாக இருந்தால் மற்றதைக் கேட்பதில்லை.

கட்ட முடியாத மனைக்கு என்ன ஆகிறது என்று கேட்கலாம். தரிசாகக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நடப்பதில்லை. விஷயம் தெரிந்ததும் வாங்கியவர், விஷயம் தெரியாத அடுத்தவரைத் தேடுகிறார். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பார்த்த 5 செண்டு அவருக்குப் பிறகு மூன்று கை மாறிவிட்டது. ஒரு செங்கல் கூட ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு கிரயத்துக்கும் ஒரு வில்லங்கச் சான்று வரி, ஒரு பட்டா மாறுதல், ஒரு வங்கிப் பரிவர்த்தனை சேர்ந்துகொண்டே போகிறது. முதல் பத்திரத்தைவிட நான்காவது பத்திரம் பார்க்க வலுவாக இருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது. நிலத்தின் தகுதி அன்றைக்கு இருந்ததுதான். ஒரு மனை அடிக்கடி கை மாறியிருந்தால் அதை நல்ல ராசி என்று சிலர் சொல்வார்கள். இந்தத் தீவில் அதைக் கண்டால் நான் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பேர் வாங்கியும் ஒருவர்கூட ஏன் கட்டவில்லை?